கூடாரம் பார்க்கப் போன சனிக்கிழமை

அன்றைக்கு என்னை எல்லாரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பாதி வழியில் எனக்கு வேனில் முன் சீட்டைக் கொடுத்தார்கள். பையை நான் தூக்கக் கூடாது. ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கையில் வைத்தார்கள். நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் என்னை ஒரு பொருட்டாக யாரும் மதித்தது கிடையாது. அப்போது ஐந்து மாசம் எனக்கு. பிள்ளைத்தாச்சி என்பதால்தான் இந்தக் கவனிப்பு என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

விஷயம் இதுதான். நாங்கள் இருந்த எடிசனிலிருந்து கிளம்பி எங்கள் வேன் பாதி வழி போயிருந்தபோது, பாளையங்கோட்டையில் என் அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் குரலைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி என் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "அத்தான், அப்பாவுக்கு ரொம்ப முடியல. அக்காவப் பேசச் சொல்லுங்க, அப்பா கேக்காவ" என்றான். இவர் அதைக் கேட்டதுமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஏன் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டுமா? சாவை யார் போனில் நேராகச் சொல்கிறார்கள்? "கொஞ்சம் முடியல, கிளம்பி வா" என்பார்கள். வந்து தெருமுனை திரும்பினால் பந்தல் போட்டிருக்கும். முந்தின வருஷம் என் அத்தை இறந்தபோது இதே தம்பிதான் "ஐசியூல இருக்காவ" என்று எங்களிடம் சொன்னான், அடக்கம் முடிந்த மறுநாள்! அதனால் இவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்க வீட்டில் தோண்டித் துருவக் கூடாதாம். அன்றைக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், சனிக்கிழமையும் வேலை. எங்களைக் கூட்டிப்போன அங்கிளுக்கு அங்கிருந்தே போன் பண்ணியிருக்கிறார். "அவ அப்பா தவறிட்டாரு அங்கிள். வழியில எதுவும் சொல்லாதீங்க, மாசமா இருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

அங்கிள் ஆன்ட்டியிடம் சொன்னார். ஆன்ட்டிக்குத் தெரிந்தபின் வேனில் வேறு யாருக்குத் தெரியாமல் இருக்கும், என்னைத் தவிர? அப்படியே வண்டியைத் திருப்பியிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டேன். திருப்பினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். என்ன ஒரு மூளை!

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தவை. அப்போது நான் ஜாலியாகத்தான் இருந்தேன். பென்சில்வேனியாவில் யாரோ மோசே காலத்தில் இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தை வேதத்தில் சொன்ன அதே அளவில் கட்டி வைத்திருந்தார்கள். சின்ன வயதில் சண்டே ஸ்கூலில் முழம் முழமாக மனப்பாடம் பண்ணிய கூடாரம். அப்பாதான் தீப்பெட்டி அடுக்கி எனக்கு அதைக் கட்டிக் காட்டினார். அவர் மின்வாரியத்தில் லைன்மேன், எதையும் கட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. முந்தின சனிக்கிழமை போனில் சொல்லியிருந்தேன், "அப்பா, அடுத்த வாரம் நெசமான கூடாரத்தயே பாக்கப் போறேன்." "பாத்துட்டு அங்க இருந்தே கூப்பிடுட்டி, திரைச்சீலை எப்படித் தொங்குதுன்னு சொல்லு" என்றார். சனிக்கிழமை என்றால் எங்களுக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு வாரமும் தப்பியதில்லை.

கூடாரம் நன்றாகவே இருந்தது. மெழுகில் ஒரு பிரதான ஆசாரியன், அந்தக் காலத்துத் தலைமைக் குரு, மார்பில் பன்னிரண்டு கல். திரைச்சீலை மேலிருந்து கொக்கியில் தொங்கியது, கொக்கி எத்தனை என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன், அப்பா கேட்பார். சாம்பிராணி வாசத்தில் எனக்குக் குமட்டியது. உடனே நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தி தண்ணீர், ஒருத்தி விசிறி. "ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்று சிரித்தேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

பின்னால் தோட்டத்தில் சிமென்ட் பாறையில் இயேசுவின் கல்லறையைச் செய்து வைத்திருந்தார்கள், கல்லைப் புரட்டித் திறந்தபடி. உள்ளே வெறுமை. அங்கிள் அதன் முன்னால் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, இந்த வேளையிலே பிரிவினால கலங்கி நிக்கிற ஒரு குடும்பத்த உம்முடைய கரத்தில ஒப்புக்கொடுக்கிறோம், தேற்றும் சுவாமி" என்றார். பாவம், யார் குடும்பமோ என்று நான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். பக்கத்தில் நின்ற சென்னைப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நான்தான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "உங்க வீட்லயா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு இன்னும் அழுதாள்.

உயிரோடு இருந்த மனுஷனுக்கு அங்கே அடக்க ஆராதனை நடந்தது. நானும் நின்று நடத்தி வைத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்து மார்க்கெட். கார் ஓட்டாமல் பழைய காலம்போல வாழும் தாடி வைத்த ஆமிஷ் கிறிஸ்தவர்கள் வெளியே குதிரை வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஊறுகாயும் வெண்ணெயும் கடலை மிட்டாயும் விற்பார்கள். நம் ஆட்கள் மற்ற நாளென்றால் பீன்ஸை முறித்துப் பார்த்து, எடிசன் கடையில் என்ன விலை என்று ஆரம்பித்திருப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் சும்மா நடந்தார்கள். நான் மட்டும் ஒரு வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்து, "எங்கப்பா எப்பவும் துண்டத்தான் தலையில கட்டிட்டு அலைவாவ, இத அனுப்பப் போறேன்" என்றேன். ஆன்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்காரரிடம் அவரே காசைக் கொடுத்துவிட்டார்.

"ஆன்ட்டி, உங்க செல் குடுங்களேன். காலிங் கார்டு எங்கிட்ட இருக்கு, அப்பாட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத் தரேன்." எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு செல், அது இவரிடம்.

"சார்ஜ் இல்லம்மா" என்றார் ஆன்ட்டி. சொல்லி வாய் மூடவில்லை, அவர் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தார். "ராங் நம்பர்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு போன் கொடுக்க மனசில்லை, இதில் ஆரஞ்சு வேறு உரித்துக் கொடுத்தாயாக்கும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனேன். சுவரில் ஒரு பே போன் இருந்தது. கார்டைச் சுரண்டி நம்பரை அடித்தேன். எத்தனை நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்று அந்தக் கார்டுக்காரியின் குரல் சொல்லி முடித்தது. அப்பா நம்பரில் பாதி போட்டிருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து கொக்கியை அமுக்கியது.

"வேன் கிளம்புதும்மா. வீட்டுக்குப் போயி நிம்மதியா பேசிக்கலாம், வா" என்றார் ஆன்ட்டி. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கெட்ட எண்ணம் துளிகூட இல்லாத பொம்பளை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

திரும்பும்போது வேனில் யாரும் பாடவில்லை. நான் பின் சீட்டில் ஆன்ட்டி தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஏகப்பட்ட செருப்பு. ஹாலில் இவர் கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தார், எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "அப்பா போயிட்டாரும்மா. காலையிலயே." என்னோடு வந்தவர்களும் உள்ளே வந்து சுற்றி நின்றார்கள். அப்போது எனக்கு எல்லாம் புரிந்தது, ஆரஞ்சு, முன் சீட், ஜெபம், எல்லாம். கையை உதறிவிட்டுப் போய் வீட்டு போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தேன்.

"யக்கா" என்று அலறினான்.

"அப்பா எப்ப போனாவ?"

"இப்பத்தாங்க்கா. ஒரு மணி நேரம் இருக்கும்."

"இப்பவா?" என்று கத்தினேன். இவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். தம்பி இன்னும் இரண்டு தடவை இவருக்குக் கூப்பிட்டிருக்கிறான். அவன் சாவை மறைத்துப் பேசுகிறான் என்று நினைத்து இவரும், "வெளிய போயிருக்கா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்று சமாளித்திருக்கிறார்.

"நல்ல நெனவோடதான்க்கா இருந்தாவ. இன்னைக்கு சனிக்கெழம, கூடாரம் பாத்துட்டுப் பிள்ள கூப்பிடும்னு தூங்கவே மாட்டேன்னுட்டாவ. அப்பா செல்போன தலமாட்டுலயே வச்சிருந்தோம். ஏன்க்கா நீ கூப்பிடல?"

அவன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், ஏன்க்கா, ஏன்க்கா என்று. திரும்பிப் பார்த்தேன். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார், ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ரிசீவரை என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன்.

"நீங்க சொல்லுங்க" என்றேன். "பக்குவமா சொல்லுங்க."