மரத்தைப் பார்த்தபடி ஒரு மேட்ச்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு உதைபந்தாட்டப் போட்டி பார்க்கப் போனேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் குப்புறப் படுத்துவிட்டோம். விளையாடியவர்கள், பார்த்தவர்கள், விசில் ஊதியவர், கடலை விற்றவர் – எல்லோரும். புல்லுக்குள் முகத்தைப் புதைத்து, சட்டையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு.

நானும்தான். வெள்ளைச் சட்டையோடு.

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். ஆனால் அதற்கு முன் யோகராஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

யோகராஜ் என் சிநேகிதன். யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். நான் வாத்தியாராகி டவுன் பக்கம் இறங்கிவிட்டேன். அவன் தோட்டத்து ஃபெக்டரியிலேயே வேலைக்கு நின்றுவிட்டான். இருவருக்கும் உதைபந்து என்றால் உயிர். இருவருக்கும் விளையாடத் தெரியாது. பந்து வந்தால் நான் விலகுவேன், அவன் விழுவான். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் ரசிகர் என்றொரு உத்தியோகம் இருக்கிறது போலும்.

தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு டீம். நாங்கள் கீழ். மழையோ வெயிலோ, மேட்ச் என்றால் யோகராஜ் மஞ்சள் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுவிடுவான். எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் அல்ல – எதிரணியினுடைய கம்பத்துக்குப் பின்னால். அங்கு நின்றால்தான் அவர்களுடைய கோல்கீப்பரை மேட்ச் முடியும்வரை திட்டிக்கொண்டிருக்கலாம்.

"தம்பி, கைக்கு எண்ணெய் பூசிக்கிட்டு வந்திருக்கியா? பந்து வழுக்குதே" என்பான்.

கீப்பர் பையன் பெயர் நிரோஷன். அவிசாவளையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மேட்சுக்காகவே லீவு போட்டுவிட்டு வருவான். மேட்ச் முடிந்ததும் யோகராஜ்தான் அவனுக்கு முதல் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பான்.

அன்றும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தான். போன வருடத்துக்கு முந்தைய வருடம், மழை விட்ட ஒரு பகல் பொழுது. இரண்டாம் பாதி. மைதானத்தின் ஓரத்தில் உயரமான ஒரு டர்பன்டைன் மரம். அதன் உச்சியில் குளவிக்கூடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் எந்த மரத்தில்தான் இல்லை?

ஒரு கழுகு வந்து அந்தக் கூட்டில் மோதியது.

முதலில் சத்தம்தான். தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியது போல. நிமிர்ந்து பார்த்தேன். மரத்திலிருந்து ஒரு கறுப்புத் துணி அவிழ்ந்து விழுந்தது போல இருந்தது. துணி காற்றில் விரிந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பியது.

ஓடினோம். மேல் டிவிஷன் ஆட்கள் வந்த லொறி பக்கத்தில் நின்றது. எல்லோரும் அதற்குள் பாய்ந்தோம். என்னைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றியவன் யோகராஜ். என் மேல் நாலைந்து பேர் விழுந்தார்கள், அசைய முடியவில்லை. தார்ப்பாயின் கிழிசல் வழியாகத்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

நிரோஷன் ஓடுகிற அவசரத்தில் கோல் வலைக்குள் கால் சிக்கி விழுந்திருந்தான். உதற உதற வலை இறுகியது. யோகராஜ் லொறியில் ஏறாமல் திரும்பி ஓடினான். கொடியை நிரோஷன் மேல் போர்த்தினான். குனிந்து வலையை அவிழ்க்கத் தொடங்கினான். அவன் முதுகில் சட்டையே தெரியவில்லை.

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு இருவரையும் கொண்டுபோனோம். நிரோஷன் பிழைத்தான். யோகராஜ் பாதி வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டான். டொக்டர் வெளியே வந்து சொல்வதற்கு முன்பே அவன் மனைவி பாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. இதுவரை யாரிடமும் சொல்லாதது. ஃபிரிட்ஜ் உறுமினால் பிடரி சிலிர்க்கும். வகுப்பில் ஃபேன் சுற்றினால் பாடம் மறக்கும். சலூனில் கட்டிங் மெஷினைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுவந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து வாசல்வரை ஓடிவிட்டேன்… பாதி முடியோடு. ஐம்பதைத் தாண்டிய ஒரு மனுஷனுக்கு இது அழகா?

இந்த நிலையில்தான் பாக்கியத்தின் ஃபோன் வந்தது.

"அண்ணே, ஞாயித்துக்கிழம கிரவுண்ட்ல அவரு பேர்ல மேட்ச் வைக்கிறாங்க. நீங்கதான் மொத பந்த அடிச்சுக் குடுக்கணும்."

"அந்தக் கிரவுண்ட்லயா தங்கச்சி?"

"தோட்டத்துல வேற கிரவுண்ட் ஏது?"

"அந்த மரம்…"

"வெட்டிட்டாங்க. மத்த மரமெல்லாம் இருக்கு."

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் காய்ச்சல் விட்டுவிட்டது.

ஞாயிறு காலை, எங்கள் டவுனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் சுனிலின் வண்டியில் ஏறினேன். தோட்டப் பாதையில் வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி மர உச்சிகளைப் பார்த்துக்கொண்டே போனேன். சுனில் கண்ணாடியில் என்னைக் கவனித்திருக்க வேண்டும். "பய வென்ன எப்பா, சேர்" என்றார். பயப்படாதீர்கள் என்கிறார். பிறகு தமிழில், "பம்பரு வந்தா நான் த்ரீவீல விட்டுட்டு ஓடிருவேன்" என்றார். சிங்களத்தில் பம்பரு, தமிழில் குளவி. பயம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

மைதானத்தில் பெரிய பெனர் கட்டியிருந்தார்கள். யோகராஜின் படம். கீழே, 'அஞ்சா நெஞ்சன்' என்று எழுத்து. மைக் பிடித்த எல்லோரும் அதையே சொன்னார்கள். பயம் என்றால் என்னவென்றே அறியாதவன். சாவைக் கண்டு சிரித்தவன். கேட்டுக்கொண்டிருந்தேன். மைக் கரகரத்தபோதெல்லாம் என் கை பிடரிக்குப் போனது. இப்படிப்பட்டவனுக்கு நான் எப்படிச் சிநேகிதனாக இருந்தேன்?

பந்தை அடித்துக் கொடுத்தேன். அது நாலடி போனது. கைதட்டினார்கள்.

பாக்கியத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேல் டிவிஷனுக்கு நிரோஷன்தான் கோல்கீப்பர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் விளையாடுவது இதுதான் முதல் தடவை. கம்பத்தில் வலை கட்ட வேண்டாம் என்று அவன் கேட்டதாகச் சொன்னார்கள். வெறும் கம்பங்கள்தான் நின்றன.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

மேலேயிருந்து. மெல்லிசாக… பிறகு பலமாக.

அன்று ஓடினோம். ஓடக்கூடாது, குப்புறப் படுத்துத் தலையை மூட வேண்டும் என்று பிறகுதான் தோட்டத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரே நொடியில் மைதானமே படுத்துவிட்டது. புல்லின் ஈரம் வாய்க்குள் போனது. முதல் கொட்டு எங்கே விழும்? கழுத்திலா, காதிலா? என் பிள்ளைகளின் முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. பிடரிதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் படுத்திருந்த பாக்கியம் தன் சேலைத் தலைப்பை இழுத்து என் தலைமேல் போட்டார்.

கொட்டு விழவில்லை.

"ஐயோ, ஒன்னும் இல்லைங்க, எழும்புங்க. ட்ரோன்தாங்க, ட்ரோன்" என்று ஒரு குரல்.

யட்டியாந்தோட்டையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர். விளையாடுகிற பையன்கள் மேல் உள்ள அன்பில், சல்லிக்காசு வாங்காமல், மேலேயிருந்து வீடியோ எடுத்துக் கொடுக்க வந்திருக்கிறார். முன்கூட்டியே சொல்லவில்லை. எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். இருந்தது.

ஒவ்வொருவராக எழுந்தோம். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அந்தக் கருவியை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

நிரோஷன் மட்டும் எழவில்லை. கோல் கம்பத்தருகே ஜேர்சியைத் தலைமேல் இழுத்துவிட்டு அப்படியே கிடந்தான். நானும் பாக்கியமும் போனோம்.

"நிரோஷன், அது ட்ரோன்பா. எழும்பு."

"தெரியும் சேர்."

"பின்ன என்ன?"

"காலு சொல்றத கேக்க மாட்டேங்குது சேர்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என் காலும் கேட்கிற நிலையில் இல்லை. நிரோஷன் ஜேர்சிக்குள்ளிருந்தே பேசினான்.

"மைக்ல எல்லாரும் அவருக்குப் பயமே இல்லன்னு சொன்னாங்க. அப்படி இல்ல சேர். அன்னைக்கு என் கால வலையிலேருந்து எடுக்கிறப்ப, 'எனக்குப் பயமா இருக்குடா தம்பி, சீக்கிரம் கால இழு'ன்னுதான் சொன்னாரு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு. கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அதுனாலதான் முடிச்சு அவிழ லேட்டாச்சு."

பாக்கியத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதை ஏன் இப்போது சொன்னான் என்று கோபம்கூட வந்தது.

"பயம்னு சொன்னாரா?" என்று கேட்டார் பாக்கியம்.

"ஆமாங்கக்கா. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அவருக்கு அவமானமாயிருமோன்னு…"

பாக்கியம் புல்லில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"எல்லாரும் வந்து வந்து, பயமே இல்லாத மனுசன்னு சொல்லிட்டுப் போவாங்க. நானும் தலையாட்டுவேன். அவரு பொண்டாட்டியா இருந்துக்கிட்டு எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பயமா இருக்குன்னு வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்." சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். "காலையில மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனதும் நான் மொதல்ல செடியப் பாக்கிறதில்ல அண்ணே. மேல மரத்தத்தான் பாக்கிறேன். நான் மட்டுமா? நெரையில நிக்கிற அம்புட்டு பேரும் அதத்தான் பாக்கிறோம். ஒருத்தரும் வாய் தொறந்து சொல்றதில்ல."

பிறகு நிரோஷனின் ஜேர்சியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டார். சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல.

"எழும்புறதுன்னா எழும்பு தம்பி. இல்லன்னா இங்கேயே இரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்ல விட மாட்டேன்."

அவன் எழுந்தான். உடனே இல்லை. கம்பத்தைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, பிறகு மற்றக் காலை. பாக்கியம் கையைக் கொடுத்தார். நானும் எழுந்தேன், எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

மேட்ச் மறுபடி தொடங்கியது. யார் வென்றார்கள் என்று கேட்பீர்கள். கீழ் டிவிஷன்தான், ஒரு கோல். ஆனால் அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். விசில் சத்தம் கேட்டுத்தான் கீழே பார்த்தேன். சுற்றியிருந்தவர்களும் அப்போதுதான் கழுத்தைத் தாழ்த்தினார்கள். அதுவரை கிரவுண்டில் இருந்த அத்தனை பேரும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிரோஷனும்.

யோகராஜின் தைரியத்தைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் வைத்திருந்தேன். நல்லவேளை எழுதவில்லை. பயந்துகொண்டே போய்த்தான் அவன் அந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறான். நடுங்கிய அந்தக் கையை நினைத்தால் அவன் இன்னும் கொஞ்சம் என் சிநேகிதனாகத் தெரிகிறான்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை இல்லை. காலையிலேயே பாக்கியம் கூடையோடு மலை ஏறியிருப்பார்.

நான் இதை எழுதுவதற்கு உட்கார்ந்தேன் – அறையின் ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு.

தேயிலை மலைக்கு ஜன்னல் கிடையாது.