பூம் என்ற சொல்லுக்கு முன்னால்

என் மேசையில் இருந்த பழைய டைப்ரைட்டரில் ஆங்கில 'ஓ' எழுத்து மற்ற எழுத்துகளைவிட ஆழமாக விழும். சில நேரம் தாளில் ஓட்டையே போட்டுவிடும். 'பூம்' என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த எழுத்து அடுத்தடுத்து இரண்டு தடவை வரும் என்பதால், அந்தச் சொல் இருக்கும் கடிதங்களை வெளிச்சத்தில் பிடித்தால் அது எந்த வரியில் இருக்கிறது என்று வாசிக்காமலே தெரிந்துவிடும். எண்பதுகளின் கடைசியில், இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு கம்பெனியில் நான் ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் கிளார்க். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். அந்த இரண்டு வருடங்களில் அந்தச் சொல்லை அடிக்காத வாரம் கிடையாது.

முதலாளிக்குப் பிடித்த சொல் அது. எந்த ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்தாரோ, ஆர்டர்கள் குவியத் தொடங்கியதிலிருந்து அவர் வாயில் அதுதான். "நமக்கு இப்போ பூம் டைம்மா, லெட்டர்ல அதைப் போட்டுரு" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும், கட்டுத்துணியை மடித்துக் கட்டும் மடிப்புக் கூடத்துப் பெண்கள், பூம் பூம் என்கிறாரே, மாட்டைத்தான் காணோம் என்று சிரிப்பார்கள். நான் ஆங்கிலம் படித்தவள் என்பதால் அகராதியைப் பார்த்தேன். முதல் பொருள் பீரங்கி போன்ற பெருஞ்சத்தம். இரண்டாவது, தொழில் திடீரென்று செழிப்பது. நன்றாக நடக்கும் வியாபாரத்தை உறுமுகிறது என்றும் அவர்கள் சொல்வார்களாம். நம் ஆட்களும் 'ஓகோன்னு போகுது' என்கிறார்கள், அதுவும் ஒரு சத்தம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அப்போது யோசிக்கவில்லை.

அந்தச் செழிப்பு முழுவதும் ஒரு பாய்லரை நம்பி இருந்தது. நெய்த துணியைக் காரத்தில் வேகவைத்து வெளுப்பதற்கு நீராவி வேண்டும். அந்த நீராவியைத் தந்த பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் மம்சாபுரத்துக்காரர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பாய்லர் அண்ணன். அரசாங்கப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். மணிக்கு ஒரு தரம் அழுத்தத்தைப் பார்த்து நோட்டில் குறிப்பார். பாய்லருக்கு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் ஏதாவது வரி புரியாவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார். நான் தமிழில் சொன்னதும் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவார். ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது என்ற கவனம் அவரிடம் இருந்தது. அவருக்கு உதவியாக அடுப்பில் விறகு போட்டவரும் அதே ஊர்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அண்ணன் அவரை அண்ணாச்சி என்பார்.

அன்று தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றது. மறுநாள் கப்பல். மூன்று நாளாக அடுப்பு அணையவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும், பாய்லர் அண்ணன் மேனேஜர் அறை வாசலில் வந்து நின்றார். என் மேசைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான்.

"பின்பக்கம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது சார். காலையில இல்ல. செத்த நேரம் தீயை இறக்கிட்டு என்னன்னு பாத்துருவோம்."

இந்த லோடு முடியட்டும், அஞ்சு மணிக்கு மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார் என்று மேனேஜர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கப்பலுக்கு நேரமாகும் ஒருவரின் அவசரம்தான் அந்தக் குரலில் இருந்தது. அண்ணன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். நான் தலையைக் கவிழ்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்கு அவர் மறுபடியும் வந்தார். வரும் வழியில் மடிப்புக் கூடத்தில் நுழைந்து, எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள் என்று பெண்களை விரட்டியிருக்கிறார். நாற்பது பேரும் முணுமுணுத்துக்கொண்டே கேட் பக்கம் போனார்கள். அவர் ஆபீஸ் படியில் கால் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதன் பிறகு என் மேசை நகர்ந்தது. சத்தத்தை நான் கேட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தரை மேலெழும்பி அடங்கியதும், ஜன்னல் கண்ணாடி மடியில் வந்து விழுந்ததும், வெளியே ஒன்றும் தெரியாமல் வெள்ளையாக இருந்ததும்தான் நினைவில் இருக்கின்றன. ஆவி விலகியபோது பாய்லர் கொட்டகை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மடிப்புக் கூடத்தின் கூரை முழுவதும் கீழே கிடந்தது. பெண்கள் ஒருவருக்கும் காயம் இல்லை. அடுப்படியில் இருந்த அண்ணாச்சி உயிரோடு இல்லை. பாய்லர் அண்ணனைப் படியிலிருந்து தூக்கினார்கள். முதுகு வெந்திருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது.

இரண்டாம் நாள் மேனேஜர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அண்ணன் குப்புறப் படுத்தபடி, நடந்ததைத் தமிழில் சொன்னார். காது கேட்காததால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் பேசினார். உஸ்ஸுன்னு சத்தம் வந்தது, மத்தியானமே சொன்னேன், மறுபடி சொல்ல வந்தேன் என்பதுதான் அதன் சாரம். இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக அதை நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆபீசுக்குத் திரும்பியதும் மேனேஜர் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "உஸ்ஸு புஸ்ஸுன்னெல்லாம் எதுக்கும்மா? 'பூம்'னு ஒரு சத்தம் கேட்டுது, அம்புட்டுதான். நாப்பது குடும்பம் இருக்கு இதுக்குப் பின்னாடி" என்றார்.

அதன் பொருள் எனக்குப் புரிந்தது. பழுது இருப்பது முன்கூட்டியே தெரிந்தும் பாய்லரை ஓட்டினார்கள் என்றால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வெடித்தது என்றால் கிடைக்கும். ஆனால் அப்படி எழுதினால், வெடித்த நேரத்தில் பாய்லர் பக்கத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி அண்ணன் தலையில் விழும். பாய்லரை விட்டு அவர் நகர்ந்ததற்கு இருந்த ஒரே காரணம் அந்த உஸ் என்ற சத்தம். அதை எடுத்துவிட்டால், இடத்தை விட்டுப் போய் ஓர் உயிரைப் பலி கொடுத்தவர் ஆகிவிடுவார். இவ்வளவும் தெரிந்துதான் அடித்தேன். 'பூம்' என்று அடித்தபோது தாளில் ஓட்டை விழுந்தது. வேறு தாள் எடுத்து மறுபடி அடித்தேன்.

சாயங்காலம் கையெழுத்துக்காகக் கொண்டுபோனோம். அண்ணன் தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கில வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்து, "நான் சொன்னது அம்புட்டும் இதுல இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். மேனேஜரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். கூடத்துப் பெண்கள் தேடிய பூம்பூம் மாடு நான்தான். தலையை ஆட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மூன்று நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் திறமை இல்லை. வீட்டில் யாராவது கூப்பிட்டால் திடுக்கிட்டேன். குக்கர் விசில் வருவதற்கு முன் ஆவி சீறுமே, அதைக் கேட்க முடியாமல் வாசலுக்குப் போய் நின்றேன். அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான்காம் நாள் பம்பாயிலிருந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். தமிழ் தெரியாதவர். கையெழுத்தான தாளைப் படித்துவிட்டு, ஆளை நேரில் கேட்க வேண்டும் என்றார். மேனேஜரும் நானும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்வேயர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அண்ணன் வாய்விட்டுச் சொல்வதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் கேள்வியே, நீங்கள் முதலில் கேட்ட சத்தம் என்ன என்பதுதான். எழுதிக் காட்டினேன்.

"உஸ்ஸுன்னு வந்துச்சு. சைக்கிள் டியூப்ல காத்து எறங்குமே, அது மாதிரி. பன்னெண்டு மணிக்கு."

சர்வேயர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மேனேஜர் என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது. அவருக்கும் ஆங்கிலம் தெரியும், நான் என்ன சொன்னாலும் அந்த நொடியே புரிந்துவிடும். பிறகு 'ஹிஸ்' என்றேன். இவ்வளவு சின்னச் சத்தமா என் வாயிலிருந்து வந்தது என்று இருந்தது. அவர் 'பூம்' என்றுதான் சொல்கிறார் என்று மேனேஜர் குறுக்கே வந்தார். இல்லை சார், பூம் மூன்றரை மணிக்கு, இது பன்னிரண்டு மணிக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் அடித்த தாள் தவறு, அவர் சொன்னதை நான் முழுவதும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். சர்வேயர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சத்தத்தை யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்கச் சொன்னார். தாளில் எழுதினேன். அண்ணன் வாசித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இந்தா நிக்காகளே, இவுககிட்டதான்."

அந்த நேரத்திலும் மரியாதையை விடவில்லை. நானும் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லை. பாய்லர் அண்ணன் மேல் குற்றம் இல்லை என்று விசாரணையில் முடிவானது. கம்பெனி பத்து மாதம் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது பாதிப் பெண்களுக்குத்தான் வேலை இருந்தது. அவர்களில் என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்தவர்கள் மூன்று பேர். கடைத்தெருவில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் ஒரு நாள் நின்று, "ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா நாங்க கஞ்சி குடிச்சிருப்போமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் அவர்களை வெளியே விரட்டியிருக்காவிட்டால் அப்படிச் சொல்ல அவள் இருந்திருக்க மாட்டாள். ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லை.

நான் பி.எட். முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஆனேன். ஆறேழு வருடங்கள் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை அரைநாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பாய்லர் அண்ணன் நின்றார். நரைத்திருந்தார். சட்டைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும் இருந்தன. எதிரே இருப்பவர்கள் எழுதிக் காட்ட அவர் எப்போதும் வைத்திருப்பது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்ததும், நலம் விசாரிக்கக்கூட விடாமல் பேசினார்.

"நான் சொன்னதை நீ அம்புட்டும் சொன்ன தங்கச்சி. நான்தான் அம்புட்டையும் சொல்லல."

அழுத்தம் மிஞ்சினால் ஆவியைத் தானாக வெளியேற்றும் வால்வு ஒன்று பாய்லரின் மேல் இருக்கும். ஆர்டர்கள் பெருகிய நாட்களில், அது அடிக்கடி திறந்து வேலை கெடுகிறது, ஏதாவது செய் என்று மேனேஜர் சொன்னாராம். அண்ணன் ஓர் இரும்புத் துண்டை அதன் மேல் கம்பியால் கட்டிவிட்டார். அவர் கையாலேயே கட்டினார். ஆபத்து என்று தெரிந்துதான் கட்டினார். இரண்டு மாதம் அது அப்படியே இருந்தது. வெடித்தபோது அந்தத் துண்டு எங்கே பறந்ததோ, ஒருவர் கண்ணிலும் படவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணாச்சியின் வீடு மம்சாபுரத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். இத்தனை வருடமும் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போயிருக்கிறார். இனிமேல் முடியாது, அண்ணாச்சியின் மனைவியிடம் சொல்ல வேண்டும், அந்த அம்மாள் திருப்பிச் சொல்வது தனக்குக் கேட்காது, அதனால் நீ கூட வா என்றார்.

இவருக்காகத்தானே நாற்பது குடும்பத்தின் சாபத்தை வாங்கினோம் என்று நெஞ்சு எரிந்தது. நான் தலையாட்டியதும் அவர் இரும்பைக் கட்டியதும் ஒரே மாதிரியான காரியம்தான் என்பதும் கூடவே தோன்றியது. இரண்டையும் செய்யச் சொன்னவர் ஒருவரே. நோட்டை வாங்கி, 'வாரேன்' என்று எழுதினேன்.

அந்த அம்மாள் வீட்டு முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை, பாயை எடுத்துப் போட்டார். அண்ணன் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் குரல் எவ்வளவு உயர்ந்து கேட்கிறது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். குரலைத் தணிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த அம்மாள் உரித்த மொச்சையைச் சுளகில் ஒதுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். அண்ணன் சொல்லி முடித்து, பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, அந்த அம்மாளின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னாலும் எழுதிக் காட்டத்தான் வேண்டும், ஒரு வார்த்தையையும் விடக் கூடாது என்று நான் பேனாவை இறுகப் பிடித்திருந்தேன்.

"அன்னைக்கு மத்தியானம் அவுக சாப்பிட்டாகளான்னு கேளு தாயி" என்றார் அந்த அம்மாள்.

எழுதி நீட்டினேன். அண்ணன் வாசித்தார். வாசித்ததையே மறுபடியும் வாசித்தார். முகம் கோணிக்கொண்டது.

"சாப்பிட்டாரு மதினி" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "கருவாட்டுக் குழம்பு. எனக்கும் ரெண்டு துண்டு வச்சாரு."