குலுங்காத வண்டி

வண்டி குலுங்கினால் அவருக்கு வலிக்கும். அவருக்கு வலித்தால் அவளுக்குக் கை நடுங்கும். கை நடுங்கினால் வண்டி இன்னும் குலுங்கும். கொஞ்ச நாளாக லாண்டரியம்மாவின் பிழைப்பு இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது.

லாண்டரியம்மா என்பது தெரு வைத்த பெயர். மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் சலவைக் கடையில் துணி வாங்குவது, அதில் அடையாளச் சீட்டு குத்துவது, நீராவி இஸ்திரியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து அதே கவுன்ட்டர். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதே தவிர, வாய் ஓயவில்லை. "இது சட்டையா சார், இல்ல சாப்பாட்டு மேஜைத் துணியா?" என்று கறையைக் காட்டிக் கேட்பாள். கேட்டவர்களுக்குக் கோபம் வராது. அவள் சிரித்த முகம் அப்படி.

கணவர் டாக்ஸி ஓட்டுகிறவர். சொந்த வண்டி. அந்த வண்டியில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. கடை மூடும் நேரத்துக்கு வந்து, பின்கதவைத் திறந்துவிட்டு, "எங்க போகணும் மேடம்?" என்பார். "எங்க வீட்டுக்காரர் இல்லாத ஊருக்குப் போப்பா," என்பாள் இவள். தினம் இதே நாடகம். இரண்டு பேருக்கும் அது சலிக்கவில்லை.

லைசென்ஸ் மட்டும் அவளிடம் இருந்தது. எப்போதோ அவரே பிடிவாதமாக எடுக்க வைத்தார். எடுத்து வைத்த லைசென்ஸ் பீரோவில் தூங்கியது. வண்டிச் சாவியை அவள் கையில் கொடுக்க அவருக்கு மனசு வந்ததே இல்லை.

பிறகு அவருடைய முதுகெலும்பில் கட்டி வந்தது.

ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். முதல் வாரம் கூட்டாளி டிரைவர் சோடாபுட்டி கூட்டிப்போனார். தடித்த கண்ணாடிக்காக வந்த பெயர் அது. ஆனால் அவருக்குக் காலையில் பள்ளிக்கூடச் சவாரி. எத்தனை நாள்தான் விட முடியும்? வாடகைக்கு வந்த வேறொரு டிரைவர், அரிசி மூட்டை ஏற்றியதைப் போல ஓட்டினான். அன்று வீடு வந்து சேர்ந்த கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதார். அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் பீரோவைத் திறந்தாள்.

முன்சீட்டைச் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்து அவரைப் படுக்க வைப்பாள். படுத்தபடியே அவர் பாடம் நடத்துவார்.

"க்ளட்ச்சை மிதி. கியரை மாத்து. இப்ப மெதுவா விடு. மெதுவாடி! ஆக்சிலேட்டர்ல ஏன் கால் வைக்கிற? பெட்ரோல் என்ன உங்கப்பன் வீட்டுக் கிணத்துல ஊறுதா? எடு காலை. ரெண்டு போட்டாச்சில்ல, மூணுக்கு மாத்து."

சொன்னதைச் சொன்னபடி செய்வாள். வண்டி ஒரு வெட்டு வெட்டும். உடனே பக்கத்திலிருந்து ஒரு முனகல். பல்லைக் கடித்து அடக்கப் பார்த்து, அடங்காமல் மூக்கு வழியாகக் கசியும் சத்தம். அது வரும்போதெல்லாம் தன் நெஞ்சில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவது போலிருக்கும் அவளுக்கு. வேகத்தடை வந்தால் ஒரு முனகல். சிக்னலில் நின்று கிளம்பினால் ஒன்று. மேம்பாலம் ஏறினால் அடுக்கடுக்காக வரும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "அடி, அடி, நல்லா அடி. உன் வீட்டுலயும் யாராவது இப்படிப் படுத்துக் கிடப்பாங்க," என்று கத்திவிட்டு, அடுத்த நொடியே, "ஐயோ, அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது," என்று கண்ணைத் துடைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது இஞ்சின் துடித்து அணைந்தது. அந்தக் கடைசிக் குலுக்கலில் அவர் வாய்விட்டே அலறிவிட்டார்.

"போதும்," என்றார் மூச்சு வந்ததும். "இனிமே நான் வரல."

"டாக்டர் என்ன சொன்னார்? நடுவுல விட்டா செஞ்சதெல்லாம் வீண்னு..."

"வீணாப் போகட்டும். கட்டில்ல கிடந்து சாகறேன். இந்த வண்டில சாக முடியாது. இது எனக்குச் சோறு போட்ட வண்டிடி. இதப் பாத்தாலே பயமா இருக்கு இப்போ."

அவரைத் தூக்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, போர்த்திவிட்டுச் சொன்னாள்.

"சனி, ஞாயிறு ஆஸ்பத்திரி கிடையாது. திங்கக்கிழமை ஒரே ஒரு தடவ வாங்க. குலுங்குச்சுன்னா நானே பாதி வழியில வீட்டுக்குத் திருப்பிடறேன். அப்புறம் உங்களக் கூப்பிடவே மாட்டேன்."

அவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் காலி இடத்தில் சோடாபுட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சுற்று சுற்றியதுமே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு தங்கச்சி உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"உங்க கூட்டாளிதான் அண்ணே. வேற யாரு?"

"அந்தக் கஞ்சனா! வண்டி வேகம் எடுக்கறதுக்கு முன்னாடியே மூணாவது கியருக்குத் தள்ளுற. இஞ்சின் மூச்சு முட்டித் துடிக்குது. க்ளட்ச்சை விடறப்போ ஆக்சிலேட்டர்ல காலே இல்ல. அப்புறம் வெட்டாம என்ன செய்யும்?"

"கால் வச்சா திட்டுறாரே!"

"அவன் சொட்டுப் பெட்ரோலுக்குச் சொத்த எழுதிக் குடுக்கறவன். அப்படி ஓட்டறதுக்கு அவன் கால் பழகிப்போச்சு. உனக்கு இப்பதான் காலே முளைச்சிருக்கு." பிறகு குரல் தணிந்தது. "இஞ்சின் சத்தம் கேளு. கொஞ்சம் பாடட்டும், அப்புறம் மாத்து. க்ளட்ச்சைப் பாதி விட்டதும் வண்டி லேசா இழுக்கும் பாரு, அங்க ஒரு மூச்சு நில்லு. அங்கேயே இந்தக் காலால துளி குடு. மிச்சத்த விடு. கியரைக் குறைக்கறப்பவும் துளி குடுத்துட்டுத்தான் விடணும்."

இரண்டு நாளும் அந்த இடத்தைச் சுற்றினாள். வண்டி பாதியில் நின்றது. குதித்தது. ஒருமுறை பின்னோக்கி உருண்டு தக்காளிக் கூடைகளைத் தொட்டு நின்றது. சோடாபுட்டி சாமியைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள், மாற்றியது தெரியவே இல்லை. "போட்டியா?" என்றார் அவர். "போட்டுட்டேன் அண்ணே," என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வண்டி மட்டும் குலுங்கவில்லை.

திங்கட்கிழமை. தலையணைகளுக்கு நடுவில் அவர் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, அடிக்குத் தயாராகப் படுத்திருந்தார். முதல் கியர். பாதிவரை விட்டாள், ஒரு மூச்சு நின்றாள், துளி கொடுத்தாள். வண்டி நழுவிக் கிளம்பியது. இஞ்சின் பாட ஆரம்பித்தது.

"ஐயோ!" என்றார்.

அவளுக்கு உயிரே போயிற்று. "வலிக்குதாங்க?"

"பெட்ரோல்டி! பாழாப் போற பெட்ரோல்! இப்படி அலறவிடறியே!"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், சிரித்தால் வலிக்கும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பள்ளிக்கூடத்தருகே வேகத்தடை வந்தது, சத்தமில்லாமல் ஏறி இறங்கினாள். மேம்பாலம் வந்தது, அதற்கும் சத்தமில்லை. அவர் கண்ணைத் திறந்து, அவள் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தச் சோடாபுட்டிப் பய வேலையா இது?" என்றார். அந்தக் குரலில் பொறாமையும் இருந்தது, பெருமையும் இருந்தது. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஜெயித்துவிட்டோம், இனிமேல் தினம் வருவார், கட்டி கரையும், என்று என்னென்னவோ கணக்குப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனையில் சிக்னல் சிவப்பு. மெல்ல நிறுத்தினாள். கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இழுத்து, இரண்டு பாதங்களையும் வண்டித் தரையில் வைத்தாள்.

அப்போது வந்தது அந்த முனகல்.

முன்பு வந்ததை எல்லாம் விட நீளமாக, அடியிலிருந்து கிளம்பி, உடம்பையே வில்லாக வளைத்துக்கொண்டு வந்தது. அவள் திடுக்கிட்டுக் காலைக் குனிந்து பார்த்தாள். கால் எந்தப் பெடலிலும் இல்லை. வண்டி கல்லைப் போல நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு நாள் ஒவ்வொரு முனகலுக்கும் தன் காலைச் சபித்தவள், இப்போது சபிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். திருத்திக்கொள்ளத் தன்னிடம் ஒரு தப்பு இருந்தவரை அவளுக்குச் செய்வதற்கு ஏதோ இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மூச்சு திரும்பியதும் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, அவசரமாகக் கடிந்துகொண்டார்.

"என்னடி இது, க்ளட்ச்சை இப்படிப் படார்னு விடற?"

அவள் நியூட்ரலில் கிடந்த கியரைப் பார்த்தாள். இழுத்துவிட்ட கைப்பிரேக்கைப் பார்த்தாள். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அது தெரியாதா?

"கால் தவறிடுச்சுங்க," என்றாள். "பேசுனபடி... வண்டியைத் திருப்பட்டுமா?"

"வேணாம். இவ்ளோ தூரம் வந்தாச்சு." நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தார். "நாளைக்குச் சரியா விட்டுடுவ."

"விட்டுடுவேங்க."

"நாளை மறுநாள் இன்னும் நல்லா வரும்."

"வரும்ங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கண்ணீரில் சாலை கலங்கித் தெரிந்தது, துடைக்கக் கை எடுக்காமல் முதல் கியரைப் போட்டாள். பாதிவரை விட்டு, ஒரு மூச்சு நின்று, துளி கொடுத்தாள். ஒரு சின்ன அசைவும் இல்லாமல் வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. பக்கத்துச் சீட்டில் முனகல் நிற்கவில்லை.