இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது

சுவா ஏரிக்கரைக்காரர்களுக்குக் கம்பம் நடுவது புதிதல்ல. ஏழாம் வருஷந்தோறும் மலையிலிருந்து மரங்களை இழுத்து வந்து, கோயிலின் நான்கு மூலையிலும் நட்டு, தொண்டை கட்டும்வரை கத்தி, குடித்து, உருண்டு எழும் ஊர் இது. ஆனால் பாட்டுக் கேட்பதற்காக ஒரு மனுஷன் தன் வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு மின்கம்பம் நட்டுக்கொள்கிறார் என்றால், யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? கோகுச்சி தமோட்சுவின் கம்பம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து கரையோரத் தெருவில் வேறு பேச்சே இல்லை.

“சாமிக்கு நாலு, தமோட்சு சானுக்கு ஒண்ணே ஒண்ணுதானா? ரொம்ப அடக்கமான மனுஷன்,” என்றார் பக்கத்து டோஃபுக்கடை ஒகிட்சு.

கம்பத்துக்குக் காரணமே தன் கடைதான் என்பது பாவம் ஒகிட்சுவுக்குத் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே மின்மாற்றி. அவர் சோயா அரைக்கும் மோட்டாரைப் போட்டால் தமோட்சுவின் ஸ்பீக்கரில் ஈ முனகுவது போல ஒரு சத்தம் கேட்கும். கேட்கும் என்றால் தமோட்சுவுக்குக் கேட்கும். மற்றவர்கள் காதைக் கொண்டுபோய் ஒட்டினாலும் கேட்காது. இதை ஒகிட்சுவிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் போய் டோஃபு வாங்கி, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவார். தனி மின்மாற்றியோடு தனிக் கம்பம் என்பது அவரைப் பொறுத்தவரை மரியாதையான வழி.

தெரு சிரித்தது. வீட்டுக்குள் அவர் மனைவி சுமியேவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் பழையது. கல்யாணத்துக்கு முன் சுமியே பட்டுநூல் ஆலையில் வேலை பார்த்தாள். ஆலைப் பெண்களுக்கென்று ஒரு பாட்டுக்குழு இருந்தது. ஆண்டுவிழாவில் அவர்கள் நகர மண்டபத்தில் பாடியதை ரிக்கார்டாகப் பதிந்து ஆலை எல்லாருக்கும் ஒன்று கொடுத்தது. உறையில் படம் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் சுமியே. வாய் அழகாகத் திறந்திருக்கும். ஆனால் அந்த வாயிலிருந்து அன்றைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் பாட்டு வாத்தியார் அவளைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“உனக்குச் சுதி இறங்குதும்மா. இன்னைக்கு மைக் வச்சிருக்காங்க. வாயை மட்டும் அசைச்சிடு, என்ன?”

திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் அன்பாகச் சொன்னார். சுமியே சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், கடைசிப் பாட்டுவரை சிரித்த முகத்தோடு வாயசைத்தாள். அன்றிலிருந்து அடுப்படியில்கூட அவள் ஒரு வரி முணுமுணுத்ததில்லை.

அதற்கடுத்த வருஷம் பெண் பார்க்க வந்தவர் தமோட்சு. கண்ணாடிவில்லை தேய்க்கும் தொழிற்சாலையில் வேலை. காது இரண்டும் வெட்கத்தில் சிவந்திருந்தன. வந்ததிலிருந்து வாய் திறக்காமல் இருந்தவர், தேநீர் ஆறிப்போன பிறகு திடீரென்று சொன்னார்:

“மண்டபத்துல நீங்க பாடினப்போ நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர்ல உங்க குரல் மட்டும் தனியா வந்து காதுல விழுந்துச்சு.”

சுமியே கோப்பைக்குள் பார்த்துக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிவந்த காதுகள் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தன. உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

மனுஷன் அதோடு நின்றாரா? “என் சம்சாரம் பாடகி” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். திருவிழா விருந்தானாலும் புத்தாண்டு விருந்தானாலும் மைக்கை நேராக அவளிடம்தான் நீட்டுவார்கள். அவளுக்கு உடனே தொண்டைவலி வந்துவிடும். இத்தனை வருஷத்தில் அவளுக்கு வந்த தொண்டைவலி எங்கள் ஊர் மொத்தத்துக்கும் வந்திருக்காது.

கல்யாணத்துக்கு வந்த சின்ன ஸ்டீரியோப் பெட்டியில்தான் தமோட்சு அந்த ரிக்கார்டை முதலில் போட்டார். ஆலைப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே கஞ்சியாகக் குழைந்து வந்தார்கள்.

“உன் குரல் இதுக்குள்ள எங்கேயோ இருக்கு,” என்றார். “பிரிச்சு எடுத்துடுறேன் பாரு.”

“நான் இங்கேயேதானே உட்கார்ந்திருக்கேன். என்னைக் கேளுங்களேன்.”

“நீ எங்க பாடுற?”

அப்படித் தொடங்கியது. சிலருக்கு மீன்பிடி, சிலருக்குக் குடி. இவருக்கு இது. முதலில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் மாறியது. பிறகு சுழலும் தட்டின் அடியில் ஒரு கருங்கல் பலகை வந்தது. பழைய ரயில் பாதையின் மரக்கட்டைகள் ஸ்பீக்கருக்குப் பீடமாயின. பிறகு தோட்டத்துப் பக்கத்து அறையின் தரையைப் பெயர்த்து, வீட்டோடு ஒட்டாமல் தனியாக அஸ்திவாரம் போட்டார். தெருவில் லாரி போனால் ஊசி நடுங்கக்கூடாதாம். மாற்றுவதெல்லாம் மாற்றிவிட்டு, அறையில் இருக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அதே ரிக்கார்டைப் போடுவார். கண்ணை மூடிக்கொள்வார். முடிந்ததும் வெளியே வந்து, “ஒரு திரை விலகிடுச்சு, சுமியே. இன்னும் ஒரு திரை இருக்கு” என்பார்.

அவள் பட்டாணியை உரித்துக்கொண்டே “அப்படியா” என்பாள். உரித்த பட்டாணியைத் தொலிக்கூடையில் போட்டிருப்பாள்.

ஆனாலும் அந்தச் சாயங்காலங்களை அவள் வெறுத்தாள் என்று சொல்ல முடியாது. அறைக் கதவு சற்றே திறந்திருக்கும். ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து ஜன்னலை வெள்ளையாக்கும் நேரத்தில் இசையும் அப்படித்தான் வீட்டுக்குள் பரவும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. சில நாள் இல்லாத மண்டபம் ஒன்று வீட்டுக்குள் எழுந்து நிற்கும். அதன் கூரை உயரம்கூடத் தெரியும். யாரோ இருமுவார்கள், ஒரு நாற்காலி நகரும். நறுக்கின முள்ளங்கியை மறந்து அவள் அதற்குள் போய்விடுவாள். அங்கே திரைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே இருக்கும். கடைசித் திரையும் விலகினால், இரண்டாம் வரிசையில் மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடியபடி அவள் நிற்பாள். அங்கே வந்ததும் திடுக்கிட்டுக் கத்தியைக் கையில் எடுப்பாள்.

ஒருமுறை மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாள். ஆளுயரத்துக்கு, ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த மரக் கொம்புகள் வைத்த ஸ்பீக்கர்கள் வந்த வருஷம் அது. முதல்நாள் கேட்டுவிட்டு வெளியே வந்தவர் திரை என்று ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை, அவளைப் பார்ப்பதும் கிண்ணத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். மறுநாள் மாலை ஒரு காரணமும் இல்லாமல் சுட்ட விலாங்கு மீன் வாங்கி வந்து, பெரிய துண்டை அவள் தட்டில் வைத்தார். “சாப்பிடு” என்றார், அவ்வளவுதான். சரி, தொழிற்சாலையில் ஏதோ மனக்கஷ்டம் போல, நாம் தப்பித்தோம் என்று அவள் பெருமூச்சு விட்டாள். தேடல் மட்டும் நிற்கவில்லை.

இப்போது கம்பம். “இதுதான் கடைசித் திரை,” என்று அவரே சொல்லிவிட்டார்.

கம்பம் வருவதற்கு முந்தின நாள் அலமாரியைத் துடைக்கும் சாக்கில் சுமியே அந்த ரிக்கார்டை உறையிலிருந்து வெளியே எடுத்தாள். கீழே போட்டால் போயிற்று. வயதானவள், கை நழுவிவிட்டது, யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் தட்டு கறுத்த குளம்போல மின்னியது. அதன் ஓரம் முழுக்க அவர் விரல் பிடித்துப் பிடித்து மங்கியிருந்தது. சே, நானும் ஒரு மனுஷியா என்று அவளுக்கு அழுகை வந்தது. துடைத்து உள்ளே வைத்தாள். நாளைக் காலையில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

காலையில் தேநீரும் ஊறுகாய்க் கீரையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்லணும். அந்த ரிக்கார்டுல…”

“வந்துட்டான், வந்துட்டான்,” என்று தமோட்சு எழுந்து செருப்பைத் தேடினார். வாசலில் யாஜிமாவின் லாரி. யாஜிமா அவருடைய பள்ளித் தோழர், மின்வேலைக்காரர்.

ஏரி உறைந்து கிடந்த நாள் அது. குளிரையும் பார்க்காமல் தெருவே திரண்டு வந்துவிட்டது. கிரேன் கம்பத்தை நிமிர்த்தும்போது, திருவிழாவில் மரம் இழுக்கிறவர்கள் மாதிரி “யொய்ஸா, யொய்ஸா” என்று கூவினார்கள். ஒகிட்சு தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மரம் இழுக்கும் பாட்டை உச்சக் குரலில் எடுத்துவிட்டார்.

“டேய் தமோட்சு,” என்றார் யாஜிமா, “அணைக்கட்டு மின்சாரம் வேணுமா, கரி எரிச்ச மின்சாரம் வேணுமா? இப்பவே சொல்லிடு. அப்புறம் சத்தத்துல புகை வாடை வருதுன்னு என் கழுத்தைப் பிடிக்காதே.”

“நம்ம மலைத்தண்ணி மின்சாரமாப் பார்த்துக் குடு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒகிட்சு சும்மா இருப்பாரா? “பாடகியம்மா இருக்காங்க, நான் கத்திக்கிட்டிருக்கேன் பாரு. சுமியே சான், கம்பத்துக்கு ஒரு வரி பாடுங்க.”

“தொண்டைவலி,” என்றாள் சுமியே. முகம் சிரித்தது, மனசுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

யாஜிமா கம்பத்தின் அடியில் கொஞ்சம் சாக்கே மதுவை ஊற்றிக் கும்பிட்டுவிட்டு இணைப்பைக் கொடுத்தார். கூட்டம் கலைந்தது. தமோட்சு அறைக்குள் போனார். சுமியே அடுப்படியில் ஒன்றையும் செய்யாமல் நின்றாள். ஒகிட்சுவின் மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. ரிக்கார்டு ஒருமுறை ஓடி முடிந்தது. இன்னொரு முறை ஓடியது.

“சுமியே, இங்க வா.”

போனாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். “உட்காரு,” என்றார். அந்த நாற்காலியில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்ததும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கொட்டிவிட்டது. “நான் பாடவே இல்லைங்க. வாத்தியார் வேண்டாம்னுட்டார். வாயை மட்டும்தான் அசைச்சேன். அதுல என் குரலே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். நீங்க வாழ்நாளெல்லாம் தேடினீங்க, நான் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்.”

அவர் பின்னால் நின்றதால் முகம் தெரியவில்லை.

“தெரியும்,” என்றார். “கொம்பு ஸ்பீக்கர் வந்த அன்னைக்கே தெரியும். ரெண்டாவது ஆள் பாடுறா, நாலாவது ஆள் பாடுறா. நடுவுல ஆளே இல்லை.”

அவளுக்கு அந்த விலாங்கு மீன் ஞாபகம் வந்தது.

“அப்போ பெண் பார்க்க வந்தப்போ, என் குரல் தனியா கேட்டுச்சுன்னு சொன்னீங்களே?”

“கேட்டுச்சே. நான் உன் வாயைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன். மண்டபத்துப் பாட்டு மொத்தமும் அதுலேர்ந்துதான் வந்துச்சு.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தெரிஞ்ச அன்னைக்கே நீ ஏன் பாடலைன்னு கேட்க எனக்கு வாய் வரலை. எவ்வளவு வலிச்சிருக்கும்.”

“குரல் இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் இத்தனை வருஷமா என்னத்தைத் தேடினீங்க? இந்தக் கம்பம் எதுக்கு?”

“பேசாம கேளு.”

ஊசியை இறக்கினார். முதலில் ஒன்றுமில்லை; ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்குள் அகலமும் உயரமும் இருந்தன. சுவர்கள் விலகி, மண்டபம் வந்து அவளைச் சுற்றி அமர்ந்தது. வெளியே உறைந்த ஏரியா உள்ளே இந்த அமைதியா, எது எதற்குள் இருக்கிறதென்று தெரியவில்லை. தோழிகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் நிற்கும் இடத்தைக் கையால் தொட்டுவிடலாம்போல இருந்தது. பாட்டுத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். இரண்டாம் வரிசையில், இடமிருந்து மூன்றாவது இடத்திலும் ஒரு மூச்சு. மூக்கில் சின்னதாக ஒரு தடுமாற்றத்தோடு உள்ளே போனது. பாட்டு எழுந்தது, அந்த மூச்சு மட்டும் பாட்டாக மாறாமல் அங்கேயே நின்றது.

“அதுதான்,” என்றார் தமோட்சு. “ராத்திரி ராத்திரி என் பக்கத்துல கேட்கிற மூச்சு. எனக்குத் தெரியாதா? ஒகிட்சுவோட மோட்டார் அதை மூடியிருந்துச்சு.”

சுமியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரிக்கார்டு அதன்பாட்டுக்கு ஓடியது. இரண்டாவது அடி வருவதற்கு முன் தோழிகள் மறுபடி மூச்சிழுத்தார்கள். மூன்றாவதாக நின்ற அந்தப் பெண்ணும் இழுத்தாள். நாற்காலியில் இருந்த சுமியேவும், தன்னையறியாமல், கூடவே இழுத்தாள். இந்த முறை மூச்சோடு நிற்கவில்லை. கரகரத்து, கமறி, குரல் வெளியே வந்துவிட்டது. ஆரம்பித்த இடத்துக்கு மேலே போகவேண்டிய வரி, அவளிடம் கீழே கீழே இறங்கியது. அடி முடியும்வரை அவள் விடவில்லை.

ஸ்பீக்கரில் ஈ முனகினாலே தூக்கம் கெடுகிற அந்த மனுஷன், கடைசிவரை அசையாமல் நின்று கேட்டார்.

“வாத்தியார் சொன்னது தப்பில்லை,” என்றார். “இறங்கத்தான் செய்யுது.”

பிறகு குனிந்து, ஊசியைத் தூக்கி, திரும்பவும் முதலில் கொண்டுபோய் வைத்தார்.