மீட்டர்ல இருந்து எறங்கி வந்த அங்காளம்மா

அங்காளம்மாவ நம்பற சனங்க எல்லாரும் இத கேட்கணும். சொல்லும்போதே எனக்கு ஒடம்பு சிலிர்க்குது, பாருங்க!

போன ஆடி மாசம், ஒரு செவ்வாக்கெழம மத்தியானம். தொண்டூர்ல எங்க வூட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சி செல்விக்குப் பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சு. அவளையும் எங்கம்மாவையும் பின்சீட்டுல ஏத்திக்கினு, என் வாடகைக் கார்ல செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பாதி வழியில சாமி பாட்டு கம்முது. ஏசி காத்து கொறையுது. ஹாரன் அடிச்சா முனகுது. "டேய், இன்னாடா ஆச்சு வண்டிக்கு?"ன்னு எங்கம்மா அலறுது. செல்வி துடிக்கிறா. புது பேட்டரி போட்டு ஒரு மாசம்கூட ஆவல!

"தாயே, உனக்குக் கண்ணில்லியா? இன்னா கோளாறுன்னு நீயே காட்டு!"ன்னு கத்தி, டேஷ்போர்டுல ஓங்கி அடிச்சேன்.

மீட்டர் கண்ணாடியில ஒட்டியிருந்த அங்காளம்மா ஸ்டிக்கர் பொத்துனு மடியில வுழுந்துச்சு. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனப்ப வாங்கினது. வண்டி ஓட்டும்போது அவ மொகம் தெரியணும்னு அங்க ஒட்டினேன். அந்த எடத்துல செவப்பா எரியுது, பேட்டரி லைட்டு! எப்பலேர்ந்து எரியுதோ, நான்தான் மறச்சு வெச்சிருக்கேன்.

எங்கம்மா போன்ல மெக்கானிக் பாபு அண்ணனப் புடிச்சு ஸ்பீக்கர்ல போட்டுச்சு. லைட்டு எரியறதச் சொன்னேன். "டைனமோ சார்ஜ் ஏத்தல தம்பி. பேட்டரியில மிச்சம் இருக்கற கரண்ட்லதான் வண்டி ஓடுது. ஏசி, பாட்டு எல்லாத்தையும் நிறுத்து. இன்ஜின மட்டும் ஆப் பண்ணிடாத!"

எல்லாத்தையும் நிறுத்தினேன். சாமி பாட்டையும்தான். ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னதும் இன்ஜின் தானா அணைஞ்சிடுச்சு. திரும்ப சாவி போட்டேன், சத்தமே இல்ல. அர மணி நேரத்துல பொண்ணு பொறந்துட்டா!

அப்புறம் பாபு அண்ணன் டைனமோவக் கழட்டி, உள்ள கரண்ட் கடத்தற கார்பன் கட்ட தேஞ்சு போயிருந்ததக் காட்டினாரு. சார்ஜ் எறங்குனா பேட்டரி மேலயே பழி போடற ஆளு நான். பேட்டரிக்கே சோறு ஊட்டறது டைனமோன்னு அன்னிக்குதான் மண்டையில ஏறுச்சு.

இப்ப வெள்ளிக்கெழமையானா கற்பூரம் காட்டின கையோட டைனமோவச் சுத்த வைக்கற பெல்ட்டு தளந்திருக்கான்னு பாக்கறேன். சாவி போட்டா அந்த லைட்டு எரியணும், ஸ்டார்ட் ஆனா அணையணும். இன்ஜின் ஓடும்போது வோல்ட் மீட்டர்ல பதினாலு வோல்ட்டு காட்டினாதான் வண்டிய எடுப்பேன்.

அந்த ஸ்டிக்கர் இப்ப செல்வி பொண்ணு தொட்டில் பக்கத்து செவுத்துல இருக்குது. என் வண்டியில வழி காட்ட அங்காளம்மாவே எடத்த வுட்டு எறங்கினா. உங்களுக்கு வரமாட்டாளா? வாய் வுட்டுக் கூப்புடுங்க, கட்டாயம் வருவா!