ரெஜினா வீட்டுத் தேன்

சாந்தோமில் அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒட்டினாற்போல இருந்தன. அண்ணன் மனைவி கிளாடிஸ் கணக்கு டீச்சர். தம்பி மனைவி ரெஜினா வீட்டோடு இருப்பவள். தொண்ணூற்று நாலில் இருவரும் ஆளுக்கொரு தேனீப் பெட்டி வாங்கிக் கொல்லையில் வைத்தார்கள்.

முதல் தேன் ரெஜினாவுக்குத்தான் கிடைத்தது. மாமனார் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, "இன்னா வாசனை" என்றார். இத்தனை வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்ட கிளாடிஸ் அப்படியொரு வார்த்தையைக் கேட்டதே இல்லை.

மறுநாளே அவள் தன் பெட்டியைத் திறந்தாள். மேல் தட்டு அடைகளைத் தேனீக்கள் இன்னும் மெழுகால் மூடவில்லை. மூடாத தேன் சீக்கிரம் புளித்துவிடும் என்று தெரிந்தும் எடுத்தாள். அது போதாதென்று, குஞ்சுகள் வளரும் கீழ்த் தட்டிலும் கத்தியை வைத்தாள். ஒரு பாட்டில் நிறைந்தது. ஆனால் அடுத்த நாள் பெட்டியில் ஒரு தேனீகூட இல்லை.

மாலையில் துணி கட்டிய கூடையோடு ரெஜினா வந்தாள்.

"அக்கா, ஒங்க பூச்சிங்க எங்க முருங்க மரத்துல தொங்கிக்கினு இருந்துச்சு. புடிச்சாந்துட்டேன்."

"என்னுதுன்னு எப்படித் தெரியும்?"

"இந்தத் தெருவுல வேற யாரு வெச்சிருக்காங்க?"

அவள் திட்டியிருந்தால்கூடக் கிளாடிஸ் தாங்கியிருப்பாள். கழுத்தெல்லாம் கொட்டு வாங்கி வீங்கியும் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. கூடையை வாங்கி வைத்தாள். மாமனாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துவந்து அவள் கழுத்தில் தடவினாள். உன் தேன் நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

"கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.