கம்பசுக்குப் போகாதவளின் ஐம்பத்திரண்டு புத்திமதிகள்

பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஐம்பத்திரண்டு புத்திமதிகள் இருக்கின்றன. இலக்கம் போட்டு, முக்கியமானவற்றைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு, ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இதில் ஒரேயொரு சின்னக் குறை, நான் பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லை. இடம் கிடைத்தது, போகவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் நான் இல்லை.

மகளுக்குக் கண்டிப் பக்கத்துக் கம்பசில் மிருக வைத்தியம் படிக்க அனுமதி வந்த கிழமையில்தான் அந்தக் கொப்பியைத் தொடங்கினேன். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டால் அந்தத் தொடர்மாடியின் லிப்ட் ஓய்வதில்லை. கேக் பெட்டியோடு ஆட்கள் வருவார்கள். வருகிறவர் கேக்கை மேசையில் வைப்பார், சோபாவில் சாய்ந்து தேத்தண்ணி குடிப்பார், பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுவார். புத்தி சொல்லி முடியாமல் எழும்பமாட்டார். அந்த மாதம் எங்கள் பிரிட்ஜில் தயிர் வைக்க இடம் இருக்கவில்லை.

முதலில் வந்தவர் மூன்றாம் மாடி மாமி. "டொக்டருக்குக் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டு எங்களை ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்துவிட்டு, தன் மகன் அதே கம்பசில் படித்த காலத்து அட்டைக் கடியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார். காலில் உப்புத் தடவிக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டுமாம். எழுதிக்கொண்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கொம்பனியில் வேலை செய்யும் என் கணவர் தன் பங்குக்கு மூன்று பூட்டுகள் வாங்கி வந்தார், அறைக்கு ஒன்று, அலுமாரிக்கு ஒன்று, மற்றது தேவைப்படும் என்றார். அதையும் எழுதினேன். வட்ஸ்அப்பில் பெற்றோர் குழு ஒன்று இருந்தது. சீனியர்மாரின் பகிடிவதை, மண்சரிவு, விடுதிச் சாப்பாட்டில் பல்லி என்று நாள் முழுக்க அதில் வந்து விழும். நான் ஒன்றையும் தவறவிடவில்லை.

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, சிங்களப் பெண், அங்கேயே நான்கு வருடம் படித்தவள். அவளிடமும் கேட்டேன். ஆட்களோடு சிரித்துக் கதைக்கச் சொல்லு, மற்றதெல்லாம் தானாக வரும் என்றாள். இவ்வளவுதானா என்று நினைத்து அதை மட்டும் எழுதாமல் விட்டேன். உண்மையில் அங்கே படித்த ஒருத்தி சொன்னதை விட்டுவிட்டு, பல்லியை அடிக்கோடிட்டவள் நான்.

ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டோடு மகளுக்கு நாலைந்து வாசித்துக் காட்டுவேன். சிங்களத்தில் எப்படிக் கதைக்க வேண்டும் என்று பாடமும் எடுத்தேன். அவள் ஓட்டோக்காரரோடு சிங்களத்தில் பகிடிவிட்டுச் சிரிக்கிறவள், எனக்கு இன்றைக்கும் மீன்கடையில் 'ஒக்கொம கீயத', அதாவது எல்லாமாக எவ்வளவு, என்பதற்கு மேலே வாய் எழும்பாது. பசு என்றால் பால்மாப் பெட்டியில் மட்டும் கண்டிருக்கிற பிள்ளை, மாடு உதைத்தால் என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் மரியாதை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நேரில் போய்ப் பதிய வேண்டும், பதியாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும் என்று கடிதத்தில் இருந்தது. அதற்கு முந்தின வியாழன் பின்னேரம் நான் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது, மகள் அந்தக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"முழுக்க வாசிச்சனான் அம்மா. நான் போகேல்லை," என்றாள். "காலி வீதியில கொம்பியூட்டர் படிக்கப் போறன். வீட்டில இருந்து நடந்தே போகலாம்."

ஒரு தாய்க்கு அந்த இடத்தில் என்ன வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வந்தது புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. பிள்ளை வீட்டோடு இருக்கப் போகிறாள், புட்டு இரண்டு பேருக்குக் குறைக்கத் தேவையில்லை, கடற்கரைப் பக்கம் பின்னேரம் நடக்க எனக்கு ஆள் இருக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு மாவுக்குள் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டேன். இரண்டு வருடம் விடிய எழும்பிப் படித்து, பெறுபேறு வந்த பிறகும் மாதக்கணக்காக அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தவள் அவள் என்பது, நான் கை கழுவின பிறகுதான் நினைவுக்கு வந்தது. கணவருக்கும் சொன்னேன். பூட்டு மூன்றையும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் மாடி மாமி கோல் எடுத்தார். பிள்ளை எப்போது போகிறாள் என்று கேட்டார். என் வாய் எனக்கு முந்தி ஓடியது.

"நாட்டு நிலைமை சரியில்லைத்தானே மாமி. அதுதான் நாங்கள் அனுப்பேல்லை."

இந்த வசனத்தை நான் ஏறக்குறைய முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். இதுவரை என்னைப் பற்றிச் சொன்னது, அன்றைக்கு முதல் முறையாக மகளுக்கும் போட்டுவிட்டேன். எங்கள் வயதுத் தமிழர் எவரிடமும் 'பிரச்சினையால் படிக்க முடியாமல் போய்விட்டது' என்று சொன்னால் போதும், மேலே ஒரு கேள்வி வராது. தலையை ஆட்டி, நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார்கள். உண்மையாகவே அந்த யுத்தத்தில் படிப்பையும் வீட்டையும் பிள்ளைகளையும் இழந்தவர்கள் எத்தனை பேர். அந்த வரிசைக்குள் நான் நைசாக நுழைந்து நின்றுகொண்டேன். வீணை பழகாதது, சைக்கிள் ஓடத் தெரியாதது, ஏன், உடம்பு வைத்ததைக்கூட நான் பிரச்சினையின் தலையில் கட்டியிருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறாள்.

"என்ன நிலைமை?" என்றாள்.

விலைவாசி, ஸ்ட்ரைக், ட்ரெயின் தடம் புரளுகிறது என்று இழுத்தேன். அவள் விடவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டாள். இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேட்காத கேள்வி. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன், சொன்னேன்.

எனக்கும் அதே கம்பசில்தான் இடம் கிடைத்தது. அப்பா மருதானைக்குப் போய் ஒரு தகரப் பெட்டி வாங்கி, மூடியில் வெள்ளைப் பெயின்ற்றால் என் பெயரை எழுதுவித்துக் கொண்டுவந்தார். நிலைமை நல்லதில்லைதான், சோதனைச் சாவடி, அடையாள அட்டை எல்லாம் இருந்தது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்தே இரண்டு பெண் பிள்ளைகள் அதே ட்ரெயினில் போனார்கள். என்னைத் தடுத்தவர் ஒருவரும் இல்லை. போகிற அன்று விடிய எழும்பி வயிற்றுவலி என்றேன். அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். ட்ரெயின் போய்விட்டது. அடுத்த நாளும் வலித்தது, அதற்கு அடுத்த நாளும் வலித்தது, பதிவு முடிந்த அன்று பின்னேரம் சுகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர், இந்தப் பிரச்சினைக்குள் பொம்பிளைப் பிள்ளையை அனுப்பாதது நல்லது என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பா பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார், என்னை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பயம்," என்றேன் மகளிடம். "வேறை ஒண்டும் இல்லை. வெறும் பயம்."

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன், சிரிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. மேசையில் கிடந்த கொப்பியின் மூலையை நகத்தால் கிண்டிக்கொண்டு கேட்டாள்.

"போகாமல் விட்டாப் பிறகு அந்தப் பயம் போயிட்டுதோ அம்மா?"

நான் ஐம்பத்திரண்டையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன், இதற்குப் பதில் இல்லை. கொழும்புக் கோட்டை ஸ்ரேசனைத் தாண்டி நான் தனியாக எங்கேயும் போனதில்லை. கண்டியில் கலியாணம் என்றால் ஆள் துணை தேடுவேன், கிடைக்காவிட்டால் தலையிடி வந்துவிடும். என் பிள்ளைக்கு நான் சேர்த்து வைத்தது புத்திமதி இல்லை, அந்த விடியக்காலை வயிற்றுவலியை இலக்கம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

"இல்லை," என்றேன். "இன்னும் இருக்கு."

அவள் எழும்பி அறைக்குள் போனாள். தகரம் தரையில் உரஞ்சுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கலியாணத்தோடு என்னுடன் வந்து எங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்த அந்தப் பெட்டியை வெளியே இழுத்து, உள்ளே கிடந்த பழைய திரைச்சீலைகளைத் தூக்கி என் பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். "இதுக்குள்ள என்ர சாமான் கொள்ளும்தானே?" என்று மட்டும் கேட்டாள். கணவர் வேலையால் வந்து பார்த்துவிட்டு, லாச்சியில் இருந்து ஒரு பூட்டை எடுத்துவந்து பெட்டியில் மாட்டிப் பார்த்தார். பொருந்தியது. மூன்றாவது பூட்டு தேவைப்படும் என்று சொன்னேனே என்ற பெருமை அவருக்குப் பல நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் போனோம். போகும்போது துணை இருந்தது, வரும்போது நான் தனி என்பது டிக்கட் எடுக்கும்போதுதான் உறைத்தது. எனக்கென்ன என்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பதிவு முடிந்து, விடுதியில் பெட்டியை இறக்கிவிட்டு, பின்னேரம் அவள்தான் என்னை ஸ்ரேசனுக்குக் கூட்டிவந்து ஏற்றிவிட்டாள். யன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு புத்தி சொன்னாள். கோட்டையில் இறங்கி மாறி ஏற வேண்டும், தண்ணி குடிக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற ஆட்களோடு கொப்பியைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

ட்ரெயின் வெளிக்கிட்டதும் அழுதேன். பிள்ளையை விட்டு வந்ததற்கு என்று நினைத்துத்தான் தொடங்கினேன். பாதியில் பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்த அந்தப் பத்தொன்பது வயதுக்காரிக்காக அழுதுகொண்டிருக்கிறேன். முன்னால் இருந்த அம்மா ஒருவர் கடலைச் சரையை நீட்டினார். முப்பத்தோராம் இலக்கம், முன்பின் தெரியாதவர் தருவதைச் சாப்பிடாதே. நான் இரண்டு கை நிறைய வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் அவரிடம் 'கோட்டையா' என்று கேட்டேன். தெமட்டகொடையில் வெறும் ட்ரெயின் பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, கோட்டை வந்துவிட்டதென்று நான் எழும்பி நின்றுவிட, அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

மகளிடமிருந்து கோல் வந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். மூன்று நாளாக எல்லாம் நல்லம், சாப்பாடு நல்லம், அறை நல்லம் என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியவள். அன்றைக்குக் குரல் வேறு மாதிரி இருந்தது.

"பயமா இருக்கம்மா," என்றாள்.

கொப்பி கைக்கெட்டும் தூரத்தில், பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. எடுக்கவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது," என்றேன். "அண்டைக்கு ட்ரெயினில திரும்பி வரேக்க. வழி முழுக்க."

"பிறகு?"

"பிறகென்ன. பயந்து பயந்து இருந்தன். வெள்ளவத்தை வந்திட்டுது."